கிளப்பை மூடப் போன ஞாயிறு

மார்கழி பிறக்கவில்லை, ஆனால் குளிர் வந்துவிட்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து பனி இன்னும் விலகாத காலை. ராஷ்பிஹாரி அவென்யூ நடைபாதையில் நாங்கள் ஆறேழு பேர் வரிசையாகச் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று. எல்லாம் குழந்தைகளின் சின்னச் சைக்கிள்கள். ஒன்றில் கிளிப்பச்சைக் கூடை, இன்னொன்றில் அடிக்காத மணி. குனிந்தே தள்ள வேண்டியிருந்ததால் எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கச்சோரிக் கடையில் அப்போதுதான் எண்ணெய் வைத்திருந்தார்கள். முன்னால் போன ராகவன் சாரின் தலையில் குரங்குக் குல்லாய். கொல்கத்தாவில் குளிர்காலம் என்றால் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோர் தலையிலும் அது ஏறிவிடும்.

சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளைச் சீருடையில் ஒரு போலீஸ் சார்ஜென்ட் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கிக் கையைக் காட்டினார்.

“நில்லுங்க. எங்க போகுது இதெல்லாம்?”

பேச்செல்லாம் வங்காளத்தில்தான். எனக்கு வருகிற தமிழில் தருகிறேன்.

எனக்குப் பின்னால் வந்த ரத்னாதி முன்னால் வந்தாள். எங்கள் கட்டடத்தில் மேல்மாடிக்காரி, பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவள். ‘தி’ என்றால் அக்கா. போலீஸ்காரர் ஆனாலும் சரி, மந்திரி ஆனாலும் சரி, எட்டாம் வகுப்புப் பையனிடம் பேசுகிற குரல்தான் அவளுக்கு.

“நாங்க ஓட்டலையே. தள்ளிக்கிட்டுத்தானே போறோம்?”

“ஓட்டறீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. யாரோட சைக்கிள்?”

“குழந்தைங்களோடது.”

“குழந்தைங்க எங்க?”

“மைதானத்துல. ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிள் கத்துக்குடுக்கறோம். விளையாட்டும் உண்டு.”

“ஃபீஸ் வாங்குவீங்களா?”

“ஒரு பைசா கிடையாது.”

அவர் சைக்கிள்களைப் பார்த்தார். குல்லாய்களைப் பார்த்தார். பிறகு குரல் வேறு மாதிரி ஆனது. “என் பொண்ணுக்கு ஏழு வயசு. குவார்ட்டர்ஸ்ல ஓட்ட இடமே இல்ல. நாங்களும் வரலாமா?”

ரத்னாதி கையிலிருந்த சைக்கிளின் ஹாண்டில்பாரை நேராகத் திருப்பினாள். அப்புறம் சொன்னாள்: “தாராளமா. அடுத்த ஞாயிறு ஆறரைக்கெல்லாம் கூட்டிக்கிட்டு வந்துடுங்க.”

அவர் நடு ரோட்டுக்குப் போய் ஒரு பஸ்ஸையும் இரண்டு டாக்ஸிகளையும் நிறுத்தி, எங்கள் வரிசை முழுவதும் கடக்கும்வரை கையை இறக்காமல் நின்றார்.

அந்தப் பக்கம் போனதும் மெதுவாகக் கேட்டேன். “எதுக்கு ரத்னாதி பொய் சொன்னீங்க?”

“வேற என்ன சொல்லச் சொல்ற?” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏனென்றால் அடுத்த ஞாயிறு என்று ஒன்று எங்களுக்கு இல்லை. அன்று நாங்கள் கிளப்பை மூடப் போய்க்கொண்டிருந்தோம்.

பால்கனியில் கிடந்தவை

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டுப் பால்கனி பழக்கம்தான். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. காலையில் ஜன்னலைத் திறந்தால் கறிவேப்பிலை வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து வரும். என் கொள்ளுத் தாத்தா திருநெல்வேலியிலிருந்து ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கெழுத வந்தவர். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் திரும்பவில்லை. நான் பாங்கில் வேலை பார்க்கிறேன். கணவர் சுந்தரத்துக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ்.

எங்கள் மகன் கார்த்திக்கின் ஆறாவது பிறந்தநாளுக்கு அவர் ஒரு சிவப்புச் சைக்கிள் வாங்கிவந்தார். வாங்கியதோடு சரி. இந்த ஊரில் பெரிய ரோடுகள் பலவற்றில் சைக்கிள் ஓட்டக்கூடாது. சந்துகளில் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். பையன் ஹாலில் சோபாவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே நாலு நாள் ஓட்டினான். சுவரில் டயர் தடம் விழுந்ததும் நான் சைக்கிளைப் பால்கனிக்கு அனுப்பினேன். வருஷக்கணக்கில் அங்கே கிடந்தது. மணி பிளான்ட் கொடி ஹாண்டில்பாரில் ஏறிப் பின்சக்கரத்தில் இறங்கியது. சீட்டின் மேல் வற்றல் தட்டு வைக்க வசதியாக இருந்தது.

ஒரு நாள் காபிக்கு வந்த ரத்னாதி அதைப் பார்த்தாள்.

“இது என்ன, செடி வளர்க்கற ஸ்டாண்டா?”

“கார்த்திக் சைக்கிள்.”

“எங்க வீட்லயும் ஒண்ணு கட்டிலுக்கு அடியில கிடக்கு” என்றாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். “வா, மாடி மாடியா கேட்டுப் பாப்போம்.”

கேட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்று இருந்தது. கட்டிலுக்கடியில், மொட்டை மாடியில், குளியலறைப் பரணில். ஓட்டத் தெரியாத குழந்தைகளும் ஓட்டப்படாத சைக்கிள்களும் ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்துகொண்டிருந்தன. “எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, இடமாவது மிஞ்சும்” என்று தலையில் கட்டாத குறையாகக் கொடுத்தார்கள்.

ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் பேட்டைக் கால்பந்துக்காரர்களின் மைதானம் இருக்கிறது. ஞாயிறு காலையில் அதில் பாதியைத் தரச் சம்மதித்தார்கள். இரண்டாம் மாடி ராகவன் சார், தேயிலைக் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர், தலைவராக இருக்க ஒத்துக்கொண்டார். ஞாயிறு என்பதை வங்காளிகள் பேச்சில் ‘ரோப்பார்’ என்பார்கள். ரோப்பார் கிளப் என்று பெயர் வைத்தோம்.

முதல் நாள் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். கம்பி வேலிக்கு வெளியே ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண், எண்ணெய் படிய வாரிய தலையோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் ரிங்கு. அப்பா பிகாஷ் லேக் மார்க்கெட் லைனில் ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா ஷிபானி ஒரு நர்சிங் ஹோமில் ஆயா.

“உள்ள வா” என்றேன்.

“காசு?”

“வேண்டாம்.”

“அப்ப வேற என்ன வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம். வந்தாப் போதும்.”

என்னை நம்பாமலே உள்ளே வந்தாள். அடுத்த வாரம் தன் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டிவந்தாள்.

மிதி மாஷி

இந்த இடத்தில் ஒரு பெருமையைச் சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டும்.

எனக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பதற்றத்தில் எனக்கு வருவது தமிழ்தான். ஒரு குழந்தை தடுமாறினால் பின்னால் ஓடிக்கொண்டே “மிதி, மிதி, நிறுத்தாத, மிதி” என்று கத்துவேன். சில வாரங்களில் பார்த்தால், மைதானம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்து “மிதி, மிதி” என்கிறார்கள். வங்காளிப் பிள்ளைகள், பீகாரிப் பிள்ளைகள், எல்லோரும். அது சைக்கிள் ஓட்டுவதற்கான மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் பெயர் ‘மிதி மாஷி’ ஆகிவிட்டது. மாஷி என்றால் சித்தி.

கார்த்திக் வீட்டில் தமிழில் பேசினால் பாதி வாக்கியம் வங்காளத்தில் முடியும். அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் காளிகாட் பக்கம் எந்தச் சந்தில் போனாலும் ஒரு குழந்தை சைக்கிளில் என்னைத் தாண்டும்போது “மிதி” என்று சொல்லிவிட்டுப் போகிறது. எங்கள் பரம்பரை நூறு வருஷமாக இங்கே இருந்து இந்த ஊருக்குக் கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

சைக்கிளோடு நிற்கவில்லை. சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம், சுண்ணாம்புக் கோடு போட்டு நொண்டி. முடிந்ததும் ரத்னாதி பெரிய அலுமினியப் பாத்திரத்தில் பொரியைக் கொட்டி, கடுகெண்ணெய் விட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் கலந்து காகிதக் கூம்பில் கொடுப்பாள். டாக்டர் வீட்டு இரட்டையர்களும் ரயில் பாதையோரக் குடிசைப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பார்கள். மிளகாய்க் காரம்தான்.

ரிங்குவின் கை

அது நடந்த ஞாயிறும் நல்ல நாளாகத்தான் தொடங்கியது.

ரிங்கு அதற்குள் எல்லோரையும்விட வேகமாக ஓட்டுபவள். பாதி மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். கால்பந்துக்காரர்களின் மறுபாதியில் யாரோ உதைத்த பந்து துள்ளி வந்து அவள் முன்சக்கரத்தில் பட்டது. அவ்வளவுதான். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். விழும்போது கையை ஊன்றிவிட்டாள்.

நான் போய்த் தூக்கியபோது மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. அவள் அழவில்லை. “மாஷி, சைக்கிள் உடைஞ்சுபோச்சா?” என்று கேட்டாள்.

டாக்ஸி பிடித்தோம். அவள் கையை என் மடியில் புடவை மடிப்பின் மேல் வைத்து, ஒவ்வொரு குழிக்கும் தாங்கிக்கொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். அவள் அம்மாவும் அப்பாவும் வந்தபோதும் அந்தக் கை என் மடியில்தான் இருந்தது.

பிகாஷ் மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஷிபானி பேசினாள். வராந்தா முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

“பொம்பளப் பிள்ளைக்குக் கை கோணிப்போனா நாளைக்கு யார் பதில் சொல்றது? பொழுது போகாத பெரிய வீட்டுக்காரங்க விளையாட்டுக்கு எங்க பிள்ளைதான் கிடைச்சுதா? இனிமே அவ சைக்கிள் பக்கம் போகமாட்டா.”

அவள் சொன்னதில் எனக்குத் தவறாக எதுவும் படவில்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

எலும்பு சேர்ந்துவிடும், பழையபடி ஆகிவிடும் என்றார் டாக்டர். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

ராகவன் சார் வீட்டில்

இரண்டு நாள் கழித்து ராகவன் சார் வீட்டு ஹாலில் கூடினோம். டீ வந்தது. யாரும் தொடவில்லை.

ராகவன் சார் நிதானமான மனிதர். குரலை உயர்த்தாமல் பேசினார். “இன்னிக்கு மணிக்கட்டு. கடவுள் புண்ணியம். நாளைக்குத் தலையா இருந்தா? நல்லது செய்யறோம்னு நினைச்சு, ஒரு குடும்பத்துக்குத் தீராத கஷ்டத்தைக் குடுத்துட்டா அப்புறம் நமக்குத் தூக்கம் வருமா?”

சுந்தரம் சொன்னார்: “ரயில்வேயில ஒரு விபத்து நடந்தா ரயிலையே நிறுத்திடறதில்ல சார். என்ன ஆச்சுன்னு பாத்து, சரிபண்ணிட்டு ஓட்டறோம்.”

“ரயில்வேக்குப் பின்னாடி சர்க்கார் இருக்கு, சுந்தரம். நமக்குப் பின்னாடி யாரு?”

ராகவன் சார் கை தூக்கச் சொன்னார். மூட வேண்டாம் என்று தூக்கியது ரத்னாதி, நான், சுந்தரம் மூவர்தான். தோற்றோம். சைக்கிள்களை ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குக் கொடுத்துவிடுவது, ஞாயிறு காலை அவர்கள் வேன் மைதானத்துக்கு வரும், அங்கேயே ஏற்றிவிடலாம் என்று முடிவானது. வருகிற பிள்ளைகளுக்கு நேரில் சொல்லி அனுப்புவது என் வேலை. என்ன சொல்வது என்று அந்த வாரம் முழுக்க பாங்க் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். ஒரு வாக்கியமும் தேறவில்லை.

மைதானத்தில்

சார்ஜென்ட் பஸ்ஸை நிறுத்தி எங்களை அனுப்பிவைத்தது இந்த வேலைக்குத்தான். அவரிடம் அதை எப்படிச் சொல்வது? ரத்னாதி சொன்ன பொய் எனக்கு அப்போது சரியாகவே பட்டது.

மைதானத்தில் பிள்ளைகள் வந்து நின்றார்கள். வழக்கம்போல் சைக்கிள்களைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. கம்பி ஓரமாக உட்கார்ந்துகொண்டு எங்களையே பார்த்தார்கள். வேன் இன்னும் வரவில்லை. நான் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. பிகாஷின் ஆட்டோ. முதலில் ஷிபானி இறங்கினாள். இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருக்க வேண்டும். நர்சிங் ஹோம் புடவையை மாற்றவில்லை, கண் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் கழுத்தில் தூளி கட்டிய கையோடு ரிங்கு. இறங்கியவள் தலையைத் தூக்கவில்லை.

“இங்க பெரியவர் யாரு?” என்று கேட்டாள் ஷிபானி.

ராகவன் சார் குல்லாயைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். “நான்தான்மா. சொல்லுங்க.”

“மூடறீங்களாமே?”

“ஆமாம்மா. உங்க பொண்ணுக்கு இப்படி ஆனதுக்கு அப்புறம் நாங்க எந்த முகத்தோட…”

“அதைத்தான் கேக்க வந்தேன்” என்றாள். “எங்க தெருப் பசங்க இவளைப் பாத்தா, உன்னாலதான் சைக்கிள் போச்சுங்கறாங்க. மூணு நாளா வாசல் தாண்டல. கை ஒடிஞ்சதுக்கு அழாதவ இதுக்கு அழுதா. சோறு இறங்கல. கையை டாக்டர் சேத்துடுவாரு. இந்தப் பேரை எந்த டாக்டர் எடுப்பாரு?”

பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“ஆஸ்பத்திரியில நீங்க சொன்னதை…” என்று ராகவன் சார் தொடங்கினார்.

“கத்தினேன். பெத்தவ கத்தாம வேற யார் கத்துவா? மூடச் சொல்லிக் கத்தினேனா?” அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். “இந்த மாஷி மடியில என் பிள்ளை கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நாங்க வந்ததுக்கு அப்புறமும் அசையாம உக்காந்திருந்தா. அதை நான் பாக்கலன்னு நினைச்சீங்களா?”

மைதானத்துக் கோல்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராகவன் சார் கையிலிருந்த குல்லாயை மடித்துக்கொண்டே கேட்டார். “மறுபடியும் யாராவது விழுந்தா?”

“விழத்தான் செய்யும். தூக்குங்க. அன்னிக்குத் தூக்கினீங்கல்ல?”

பிகாஷ் ஆட்டோவிலிருந்து இறங்கவே இல்லை. அங்கிருந்தே சொன்னார்: “பந்து வராம நடுவுல ஒரு வலை கட்டுங்க சார். கயிறு நான் கொண்டுவரேன்.” அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

ராகவன் சார் எங்களைப் பார்த்தார். கை தூக்கச் சொல்லவில்லை. ரத்னாதி அதற்குள் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் போயிருந்தாள்.

வேன் வந்தபோது மைதானம் முழுக்க இரைச்சல். ராகவன் சாரே போய் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டார். “சைக்கிள் தர முடியாதுப்பா. டீ இருக்கு, குடிச்சிட்டுப் போ.” பிறகு என்ன தோன்றியதோ, இல்லத்துக்கு போன் போட்டார். சைக்கிள் அங்கே வர வேண்டாம், அடுத்த வாரம் அதே வேனில் பிள்ளைகளை இங்கே அனுப்புங்கள் என்றார். அனுப்பினார்கள். இன்றுவரை அனுப்புகிறார்கள்.

அன்று ரிங்குவால் ஓட்ட முடியாது. ஒரு விசிலைக் கொடுத்து நடுவில் நிறுத்தினோம். நல்ல கையால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, யார் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று போக்குவரத்து நடத்தினாள். அவளைக் கேலி செய்த பையன் ஒருவனை இரண்டு முறை வேண்டுமென்றே நிறுத்திவைத்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

வாசலில் நிற்பவள்

அந்த சார்ஜென்ட் மகளோடு வரவில்லை. டியூட்டியை வேறு பக்கம் மாற்றியிருப்பார்கள். ரத்னாதிக்கு அதில் இன்னும் கொஞ்சம் மனக்குறை உண்டு. தான் சொன்னது பொய்யில்லை என்று காட்ட முடியவில்லையே என்று.

மாவுக்கட்டுப் பிரித்ததும் ரிங்கு ஓட்டினாள். முதல் சுற்றில் மெதுவாக. இரண்டாவது சுற்றில் பழையபடி. அவளை யாரும் பின்னால் பிடிக்கவில்லை, அவள் பிடிக்க விடவும் இல்லை. கை சீராகச் சேர்ந்துவிட்டது.

இப்போது தலைக்கவசம் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. வலை இருக்கிறது. முதலுதவிக்கு டாக்டரே வந்து நிற்கிறார், அதுதான் இரட்டையர்களின் அப்பா. சுந்தரம் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார். போன குளிர்காலத்தில் நாள் முழுக்க ஒரு விளையாட்டு விழா வைத்தோம். ஹவுராவிலிருந்து படகு ஏறிக்கூட வந்தார்கள். அன்று மாலை பொரிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவும்போது ரத்னாதி சொன்னாள், “நம்ம ரெண்டு பேரும் அன்னிக்குக் காபியை முழுசா குடிச்சிருந்தா இதெல்லாம் இல்ல.” வாழ்க்கையில் நான் வாங்கிய எந்தப் பதவி உயர்வும் அந்தச் சாயங்காலத்துக்கு ஈடில்லை.

ஆனால் கிளப்பின் மிகப் பெரிய மாற்றம் வாசலில் இருக்கிறது. டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் ஷிபானி அங்கே நிற்கிறாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. புதிதாகக் குழந்தையைக் கூட்டிவருகிற ஒவ்வொரு தாய் தகப்பனையும் நிறுத்திப் பேசிவிட்டுத்தான் விடுவாள். நாங்களாக இருந்தால் சிரித்துக்கொண்டே “வாங்க, வாங்க” என்றிருப்போம். அவள் அப்படி இல்லை.

சென்ற வாரம் ஒருவர் காரில் வந்து இறங்கினார். மகனுக்கு முழங்காலுக்கும் முழங்கைக்கும் உறை மாட்டி, கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். ஷிபானியிடம் கேட்டார்: “பத்திரமா பாத்துப்பீங்கல்ல?”

“பாத்துப்போம்” என்றாள் அவள். “ஆனா விழும். என் பொண்ணு விழுந்து கை ஒடிஞ்சுது, அதோ அந்த இடத்துல. விழுந்தா தூக்குவோம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவோம், கூடவே உக்காந்திருப்போம். விழாதுன்னு மட்டும் சொல்லமாட்டோம். சம்மதம்னா விடுங்க.”

அவர் மைதானத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பையன் அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, ஷிபானியின் முழங்கைக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடிவிட்டான்.